படிவம் ஒன்றுக்கு ஒரு தூங்குமூஞ்சியின் விண்ணப்பம்

அனுப்புநர்: கடுக்காய், புளி வியாபாரி ஒருவன், கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: ஓட்டுநர் உரிமம் – நான் தூங்குகிறேனா என்று இதுவரை யாரும் கேட்காதது – தொடர்பாக.

பார்வை: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, படிவம் 1.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

கல்வராயன் மலையில் கடுக்காயும் புளியும் வாங்கி, குட்டியானையில் ஏற்றி, சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்குமாக ஓட்டிப் பிழைப்பவன் நான். குட்டியானை என்பது தங்கள் பதிவேட்டில் இலகுரக சரக்கு வாகனம். வயது 52. அடுத்த மாதம் உரிமம் புதுப்பிக்க வேண்டும். அதற்காகத் தங்கள் படிவம் 1-ஐ அச்சிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக முழுசாகப் படித்தேன்.

அருமையான படிவம் ஐயா. வலிப்பு உண்டா, திடீரென்று நினைவு தப்புமா, கை கால் இருக்கிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்குமா, நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரியுமா என்றெல்லாம் பெற்ற தாய் மாதிரி விசாரிக்கிறீர்கள். எனக்கு 25 மீட்டரில் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரியும். கண் திறந்திருந்தால். அதைத்தான் படிவம் கேட்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு, தியாகதுருகம் தாண்டி எலவனாசூர்கோட்டை நோக்கிப் போகையில், மதியம் மூன்று மணிக்கு, நடு மீடியனில் நட்டிருக்கும் அரளிச் செடி ஒன்று கண்ணாடியில் வந்து அறைந்தது. அதற்கு முந்தைய ஒரு கிலோமீட்டர் எனக்கு நினைவில் இல்லை. வண்டி கல்லில் உரசி நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று மூட்டை புளி சாலையில் கொட்டியது. நெடுஞ்சாலைக்கு அரளியைத் தேர்ந்தெடுத்த அதிகாரி யாரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

"தூக்கம் பத்தலையா?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறவன் நான். என் குறட்டைக்கு எதிர் வீட்டு நாய் பதில் சொல்லும். சொந்தக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் தூங்குமூஞ்சி. உண்மையை என் மனைவி மட்டும்தான் அறிவாள். "ஏங்க, நேத்து ராத்திரியும் நீங்க செத்துச் செத்துப் பொழச்சீங்க" என்று காபியோடு தினமும் சொல்வாள். திருமணமான நாளிலிருந்து சொல்கிறாளே என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவள் சொன்னது உவமை இல்லை, மருத்துவ அறிக்கை. ஸ்லீப் ஆப்னியா என்று பெயராம். தூங்கியதும் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி உலுக்கி எழுப்புகிறது. ஒரு கனைப்பு, ஒரு இழுப்பு, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. மூச்சு பத்து விநாடிக்குக் குறையாமல் நின்றால் ஒரு கணக்கு. மணிக்கு 5 வரை பரவாயில்லை, 30 தாண்டினால் கடுமை. பரிசோதித்ததில் எனக்கு 38. ஒன்பது மணிநேரம் படுத்தும் ஒரு மணிநேரம்கூட ஒழுங்காகத் தூங்காதவன் நான். எத்தனையோ வருடம் ஊருக்கெல்லாம் கடுக்காய் விற்றேன். ராத்திரியானால் என் மூச்சு எனக்கே கடுக்காய் கொடுத்திருக்கிறது.

காலையில் தலைவலி, ஏறிக்கொண்டே போன பிரஷர், ராத்திரி நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுவது, எல்லாம் இதன் பிள்ளைகள் என்று அப்புறம்தான் தெரிந்தது. சர்க்கரை என்று நினைத்து ஆறு மாதம் பாகற்காய்ச் சாறு குடித்தேன். அந்தக் கசப்புக்கு யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

இப்போது சிபாப் இயந்திரம் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். மூக்கில் முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், அதன் வழியே இடைவிடாத காற்றழுத்தம், தொண்டை மூடாது. 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பி வைத்து முதலில் செய்தாராம். வாசலில் ஒரு குட்டியானை, கட்டிலில் தும்பிக்கையோடு இன்னொன்று என்று பேத்தி சிரிக்கிறாள். முதல் வாரம் மூக்கு வறண்டு, முகமூடியைத் தூக்கத்திலேயே பிய்த்து எறிந்தேன். மல்லாந்து படுக்காதே என்றார் டாக்டர். பனியன் முதுகில் பை தைத்து இரண்டு கடுக்காயைப் போட்டுக்கொண்டேன், புரண்டால் குத்தும். எட்டு கிலோ குறைத்தேன். மாலையில் ஊற்றிக்கொண்டால் தொண்டை இன்னும் தளரும் என்றார். 2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு கள்ளக்குறிச்சிக்காரனுக்கு அதை யாரும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. பிரஷர் மாத்திரை இன்னும் இரண்டுதான். ஆனால் இப்போது அது பேச்சைக் கேட்கிறது.

கடுக்காய்க் காலத்தில் வெள்ளிமலைப் பக்கம் தங்க நேரும். மலையில் கரண்ட் போனால் என் மூச்சும் கூடப் போகும் என்பதால் பேட்டரியோடுதான் ஏறுவேன். முதல் தடவை இயந்திரத்தைப் போட்டதும் தங்கிய வீட்டுப் பெரியவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உள்ள பாம்பு எதாச்சும் இருக்கா தம்பி?" என்றார். இல்லை என்று சொல்ல ரொம்ப நேரமானது. காலையில், "நேத்துதான் நீ மனுசனாட்டம் தூங்கின" என்று சான்றிதழும் கொடுத்தார். தங்கள் படிவத்தில் அதை ஒட்ட இடமில்லை.

ஐயா, தாங்கள் ஓட்டுநரின் தூக்கத்தில் அக்கறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். 2021-ல் தங்கள் அமைச்சர் லாரிகளில் தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் வேண்டும் என்றார். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்றீர்கள்; இனி நாங்கள் வியர்க்காமல் கண்ணயரலாம். எங்கள் மாநிலப் போலீஸார் விடியற்காலையில் லாரியை நிறுத்தி, டிரைவர் முகத்தைக் கழுவச் சொல்லி, டீயும் தருகிறார்கள். நல்ல மனசு, நல்ல டீ. ஆனால் எனக்கு அடைத்திருப்பது முகம் இல்லை, தொண்டை. சேலம் உளுந்தூர்பேட்டைச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வழி என்று நம்பி வருகிறவனை, ஊருக்கு ஊர் புறவழியில் இரண்டு வழியாகச் சுருக்கினீர்கள். எத்தனை உயிர் போன பிறகு அகலப்படுத்தும் வேலை வந்தது! என் தொண்டையும் அதே வரைபடம்தான்: பகலில் நான்கு வழி, இரவில் ஒரு வழியும் இல்லை.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் கணக்கிட்டார்கள்: உழைக்கும் வயதில் சுமார் 10.4 கோடி இந்தியர்களுக்கு இந்த நோய். அதில் ஸ்டியரிங் பிடிப்பவர்கள் எத்தனை என்பதைத் தாங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பது கஷ்டமும் இல்லை. மெல்போர்னில் முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-லேயே எட்டுக் கேள்வி எழுதி வைத்திருக்கிறார். நெரிசலில் நின்ற காரில் கண்ணயர்வீர்களா என்பது அதில் ஒன்று. ஒரு மணிநேரம் வண்டியில் சும்மா உட்கார்ந்து போனால் தூங்குவீர்களா என்றும் கேட்கிறார். வெள்ளிமலை கொண்டை ஊசி வளைவில் அவர் பஸ் ஏறியதில்லை போலும். அதுவும் வேண்டாமென்றால் தையற்கடை டேப் போதும்: ஆண் கழுத்து 17 அங்குலம் தாண்டினால் சந்தேகப்படலாம். எங்கள் சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் போடும்போது கழுத்தையும் அளந்துவிட்டால் கூடுதல் செலவு ஒரு டேப்.

ஆனால் கேட்டுவிட்டு உரிமத்தைப் பிடுங்காதீர்கள். பிடுங்குவீர்கள் என்று தெரிந்தால் நாட்டில் ஒருவனும் குறட்டை விடமாட்டான். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் இதை உரிம விதியிலேயே சேர்த்தது. சிகிச்சை எடுத்து நோய் கட்டுக்குள் இருப்பதாக மருத்துவர் சொன்னால் ஓட்டலாம், அவ்வப்போது பரிசோதனை, அவ்வளவே. தங்களுக்கும் இரக்கம் புதிதல்ல. லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்களுக்காக 2020-ல் படிவத்தைத் திருத்தியவர்கள்தானே. என் இயந்திரம் நாற்பதாயிரத்துச் சொச்சம். கடுக்காய் விற்றுத் தவணை கட்டினேன். லாரி டிரைவர் எதை விற்பான்? ஏ.சி. கேபினுக்குச் சட்டம் போட்ட கையால் அவன் முகமூடிக்கும் ஒரு வழி எழுதுங்கள்.

இணைப்பு: இயந்திரத்தின் மெமரி கார்டு. கடந்த 30 இரவில் 28 இரவு போட்டிருக்கிறேன். மணிக்கு 38 இப்போது 3. மீதி இரண்டு இரவு மச்சான் மகள் கல்யாணம்.

படிவத்தின் கடைசியில், பொதுமக்களுக்கு ஆபத்தாகும் வேறு நோய் ஏதேனும் உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆம் என்றால் குட்டியானை போகும், இல்லை என்றால் பொய்யாகும். இப்போதைக்குப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். தங்கள் பதில் வந்ததும் பேனாவால் எழுதுகிறேன். உரிமம் முடிய இன்னும் 26 நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விழித்திருப்பவன்