ஒழுக்கமுடைமை: பவர் ஸ்டீயரிங் ஆயிலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

‘ஒழுகு’ என்னும் வினைக்கு நெறிப்படி நட என்றும் பொருள். சொட்டு என்றும் பொருள். முன்னதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பின்னது கேட்பாரற்றுக் கிடந்தது. ஆய்வாளரின் பழைய டீசல் காருக்கு அடியில் ஒருநாள் காலை ஐந்து ரூபாய் நாணய அளவில் ஒரு சிவப்பு வட்டம் தோன்றி, இக்குறையைப் போக்கியது.

2. வரலாறு

ஆயிலின் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கை இலகுவாக்கும் கருவியை 1926-இல் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் செய்து காட்டினார். 1951-இல் கிரைஸ்லரின் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது. அதுவரை விற்பனைக் கார்களை வளைத்தவை ஓட்டுநரின் தோள்களே. தோளில் ஒழுகியது வியர்வை மட்டும். அதற்கு மெக்கானிக் தேவைப்படவில்லை.

3. ஒழுகலைத் தீர்க்கும் மூவகைச் சமயங்கள்

ஊற்றுவாதம்: குறையக் குறைய ஊற்று என்பது இதன் ஒரே மந்திரம். ஆய்வாளர் நான்கு மாதம் இச்சமயத்தில் இருந்தார். டிக்கியில் ஆயில் டப்பா, புனல், கந்தல் துணி ஆகிய மூன்றும் வழிபாட்டுப் பொருள்கள்.

ஒட்டுவாதம்: டேப்பைச் சுற்று, பசையை அப்பு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பம்பிலிருந்து வரும் ஓஸில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டைத் தாண்டும். டயர் காற்றைப் போல முப்பது மடங்கு. டேப் அதற்கு வணக்கம் சொல்லி விலகிவிடும்.

காண்வாதம்: முதலில் துடை, பிறகு பார். பின்பற்றுவோர் மிகக் குறைவு.

4. களஆய்வு

முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக்கின் ரப்பர் உறை ஈரமாக இருந்ததால் ரேக்தான் குற்றவாளி என்று ஆய்வாளர் தீர்ப்பெழுதி, செலவை எண்ணி வேர்த்திருந்தார். மெக்கானிக் எல்லாவற்றையும் துடைத்தார். அடியில் அட்டையை விரித்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பச் சொன்னார். பிறகு டார்ச்சை மேலே அடித்தார்.

“சொட்டுற இடம் வேற சார், ஒழுகுற இடம் வேற.”

பம்பின் ஆயில் தொட்டிக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஓஸ், இன்ஜின் சூட்டில் அப்பளமாக விறைத்திருந்தது. கிளிப்பும் பிடி தளர்ந்திருந்தது. அங்கே கசிந்த ஆயில் ஓஸ் வழியே இறங்கி, ரேக்கை நனைத்து, கடைசி போல்ட்டிலிருந்து சொட்டியிருக்கிறது. தாழ்ந்தவன் தலையில் பழி விழுவது இயற்பியலிலும் உண்டு.

5. பரிகாரம்

புது ஓஸ், இரண்டு கிளிப். பின் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை இருபுறமும் இருபது முறை திருப்பி, இடையிடையே ஆயில் ஊற்றி, குமிழி அடங்கும்வரை காற்றை வெளியேற்றல். காற்று தங்கினால் பம்ப் முனகும். செலவு, நான்கு மாதம் ஊற்றிய ஆயிலின் விலையை எட்டவில்லை.

6. முடிவுரை

நண்பரின் புதுக் காரில் இருப்பது மின்சார ஸ்டீயரிங். திருப்ப உதவுவது மோட்டார்தான், ஆயிலே கிடையாது. ஆகவே அவரிடம் ஒழுக்கம் அறவே இல்லை என்று இவ்வாய்வு நிறுவுகிறது.