தற்காலிக இணைப்புகளுக்கு நிரந்தர அங்கீகாரம் கோரும் மனு

பெறுநர்: மின் ஆய்வாளர் அவர்கள்
பொருள்: ஊர் வழக்கிலுள்ள வயரிங் முறைகளை விதிநூலில் சேர்ப்பது தொடர்பாக

ஐயா,

ஊரில் அதிகம் புழங்குவது பிளக் இல்லாத இணைப்பு. வயரின் முனையைப் பல்லால் கடித்து உரித்து, செம்பு இழைகளை விரலால் முறுக்கி, சாக்கெட்டின் இரு துளைகளிலும் நுழைத்து, துளைக்கொரு தீக்குச்சியால் இறுக்குவது இதன் செய்முறை. பிடி தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும்; தடை கூடிய இடம் சூடாகும்; மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். பற்றிக்கொள்ளக் குச்சியும் அங்கேயே இருப்பது இம்முறையின் தனி வசதி. விதிநூலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

மூன்றாவது துளையின் நிலை இதைவிட மோசம். எர்த் முள் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது, அது முதலில் தொட்டுக் கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக. ஊர் வழக்கில் அத்துளையில் போவது பேனா மூடி. அதைச் செருகினால் கீழ்த்துளைகளின் தடுப்பு விலகி, இரு முள் பிளக் உள்ளே இறங்கும். கிரைண்டர் ‘லேசா ஷாக் அடிக்குது’ என்றால் தேடப்படுவது எர்த் அல்ல, ரப்பர் செருப்பு. அடுக்களை வாசலில் அதற்கென்றே ஒரு ஜோடி கிடக்கும்.

செருப்பு இல்லாத நாளின் கணக்கு எளிது. நனைந்த உடம்பின் தடையை 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லியாம்பியர் பாயும். வீடுகளுக்கான கசிவுத் தடுப்பு சுவிட்சான ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும். ‘சும்மா சும்மா விழுது’ என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக்கொள்வது வழக்கம். எஞ்சியிருப்பது, லோடு அளவு மீறினால் மட்டும் விழும் 6 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு, ஷாக் அடித்துக் கிடப்பவரும் ஓடும் மின்விசிறியும் ஒன்றுதான்; இரண்டுமே சின்ன லோடு.

பழைய வீடுகளில் பீஸ் கட்டை. அதில் கட்டும் மெல்லிய கம்பிக்கு உருகுவதே வேலை. அது போனதும் ஏதாவதொரு வயரிலிருந்து நாலு இழை உருவிக் கட்டப்படும். அதன்பின் பீஸ் போவதே இல்லை; சுவருக்குள் ஓடும் வயர் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும்.

கம்பத்தில் கொக்கி போடுவது பொதுக்கூட்டக் கலை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவு இதை மின்திருட்டு என்கிறது. மூன்றாண்டு வரை சிறை. மேடையில் சட்டத்தின் ஆட்சி பற்றி முழங்கும் மைக்குக்கும் அந்தக் கொக்கியிலிருந்துதான் கரண்ட்.

ஒட்டுவேலை வீட்டோடும் மேடையோடும் நிற்பதில்லை. 1997 ஜூன் 13 காலையில் டெல்லி உபகார் திரையரங்கில் மின்மாற்றி பழுதானது. கேபிள் முனையைக் கிரிம்பிங் மெஷினுக்குப் பதில் சுத்தியலால் அடித்துப் பொருத்தி, முற்பகலிலேயே மின்சாரம் கொடுத்துவிட்டார்கள். மாலையில் அந்த முனை கழன்று மின்மாற்றிமேல் விழ, எண்ணெய் ஒழுகித் தீப்பிடித்தது. புகை மேலேறி அரங்கை அடைத்தது. படம் பார்க்க வந்தவர்களில் 59 பேர் இறந்தனர்.

‘இப்போதைக்கு இருக்கட்டும்’ என்று போட்டதைப் பிறகு யாரும் மாற்றுவதில்லை. மகளின் காதுகுத்துக்கு வேப்பங்கிளை வழியே இழுத்த வயரில் அவள் கல்யாணச் சீரியல் பல்பும் எரியும். நடுவில் டேப் மட்டும் நாலு சுற்று கூடியிருக்கும். எனவே ‘தற்காலிகம்’ என்பதற்கு விதிநூலில் ‘சம்பந்தப்பட்டவரின் ஆயுட்காலம் வரை’ எனப் பொருள் வரையறுக்குமாறு பணிவுடன் கோரப்படுகிறது.

இணைப்பு:
பேனா மூடி – 1
செம்பு இழை – 4
தீக்குச்சி (ஒரு பக்கம் கருகியது) – 2