முள் கட்சியும் ஸ்பூல் கட்சியும்

இவரை மயிலாப்பூரிலும் பார்க்கலாம், மாம்பலத்திலும் பார்க்கலாம். பிள்ளைகள் வெளிநாடு போனதும் காலியான அறையில் ஸ்பீக்கர்களைக் குடிவைத்திருப்பார். அந்த அறையில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரம் அளந்து, தரையில் சாக்பீஸ் கோடு போட்டு வைத்தது. அதில் உங்களை உட்காரச் சொன்னால் உபசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பரீட்சை ஆரம்பம்.

"தலையை ஆட்டாதீங்கோ சார், ஸ்டீரியோ போயிடும்."

முதலில் இசைத்தட்டு. உறையிலிருந்து எடுத்து, ஓரத்தை மட்டும் இரண்டு உள்ளங்கைகளால் ஏந்தி, பிரஷ்ஷால் வருடி, முள் எத்தனை கிராம் அழுத்துகிறது என்று குட்டித் தராசில் நிறுத்துப் பார்த்து இறக்குவார். ஆலாபனை களைகட்டும். சரியாக அந்த நேரம் பார்த்து நிறுத்திவிடுவார்.

"இப்ப ஸ்பூல்ல கேளுங்கோ. மிருதங்கத் தொப்பியில அந்தக் கும்கி எப்படி உருள்றது பாருங்கோ."

ஸ்பூல் டேப் ஏற்றுவதே தனிக் கச்சேரி. முதலில் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பிறகு காந்தம் நீக்கும் கருவியை அதன் முன்னால் கற்பூர ஆரத்திபோல் மெதுவாகச் சுற்றி எடுப்பார். கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

அவர் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. 33⅓ சுற்றில் ஓடும் எல்.பி.யின் வெளி ஓரத்தில், முள்ளுக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 20 அங்குலப் பள்ளம் கடந்து போகும். நடு லேபிளை நெருங்க நெருங்க அது 8, 9 அங்குலமாகச் சுருங்கிவிடும். அதனால்தான் மங்களம் வரும்போது தட்டுக்கு மூச்சு வாங்குகிறது. டேப் அப்படியில்லை. வீட்டு மெஷினில் ஏழரை, ஸ்டுடியோவில் 15 அல்லது 30 என்று எந்த வேகத்தில் தொடங்கியதோ அதே வேகத்தில் முடியும். தட்டை வெட்டும்போது கீழ் ஒலிகளைக் குறைத்து, மேல் ஒலிகளை ஏற்றி வெட்டுவார்கள். ஆம்ப்ளிஃபயர் அதைத் திருப்பிச் சரிசெய்யும். "குறைப்பானேன், கூட்டுவானேன்?" என்பார் நம்மவர். (டேப்பிலும் வேறு வகையில் கூட்டிக் குறைக்கும் வேலை உண்டு. சொல்லிப் பாருங்கள், காபி வராது.)

நீளத்திலும் ஸ்பூல்தான் ராஜா. 1,800 அடி நாடா, நொடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் நிற்காமல் ஓடும். தட்டின் ஒரு பக்கத்தில் இருபது சொச்சம் நிமிடம்தான். ராகம் தானம் பல்லவியை அதற்குள் மடித்து வைக்க முடியுமா? சபாவில் ரசிகர்கள் பதிவுசெய்த ஸ்பூல்களில்தான், முன்வரிசை இருமல் சகிதமாக, பழைய கச்சேரிகள் பல பிழைத்திருக்கின்றன. இதற்காக அவரை மன்னித்துவிடலாம்.

ஆனால் ஸ்பூலுக்கும் வியாதி வரும். 70, 80-களில் வந்த சில நாடாக்களின் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிடும். குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்தினால்தான் ஓடும். மாமி கேக் செய்ய வாங்கிய ஓவனில் இன்றுவரை கேக் வெந்ததில்லை.

இதற்கிடையே பரீட்சைக் கேள்வி வந்துவிடும். "வித்தியாசம் தெரியறதா?" தெரிகிறது என்றால் "என்ன?" என்பார். தெரியவில்லை என்றால் உங்கள் காதைப் பார்த்து உச்சுக் கொட்டுவார். போனமுறை இந்தத் தர்மசங்கடத்தில் இருந்தபோது, ஸ்பூலிலிருந்தே "டிக்... டிக்..." என்று கீறல் சத்தம். நாடாவில் கீறல் ஏது? அந்தக் காலத்தில் யாரோ எல்.பி.யை அப்படியே ஸ்பூலில் காப்பியடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நம்மவர் அசரவில்லை. "பார்த்தேளா, கீறலைக்கூட எவ்வளவு துல்லியமா எடுத்திருக்கு!"

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. மூல டேப்பிலிருந்து தட்டு வெட்டுவதில் பெயரெடுத்த அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி, நடுவில் டிஜிட்டலை நுழைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது 2022-ல்தான் வெளியே வந்தது. அதுவரை "டிஜிட்டல் வாடையே ஆகாது" என்ற காதுகள் பல, அந்தத் தட்டுகளைத்தான் சொக்கிக் கேட்டுக்கொண்டிருந்தன.

என் தீர்ப்பு: ஸ்டுடியோவின் மூல டேப் கிடைத்தால் தட்டு கிட்டே நிற்க முடியாது. ஆனால் அது நம் யார் வீட்டுக்கும் வரப்போவதில்லை. வருவது காப்பியின் காப்பி. அதைவிட நல்ல நிலையில் இருக்கும் தட்டே மேல். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அழைத்தால் தயங்காமல் போங்கள். மாமி போடும் ஃபில்டர் காபி பிரமாதம். பாட்டை மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே கேட்க விடமாட்டார்.