மடியில் கனம்

கேள்வி: பெண் நாயின் மடியில் கட்டி வந்தால் புரதத்தைச் சோதிக்கிறார்களாமே? எங்கள் வீட்டு நாய்தான் தினமும் முட்டை தின்கிறதே, போதாதா?

பதில்: முட்டையிலுள்ள புரதம் உடம்பை வளர்ப்பது, அவர்கள் தேடும் புரதமோ, கட்டி வளர்வதைக் காட்டிக்கொடுப்பது. உயிரணு இரண்டாய்ப் பிரிய முற்படுகையில் மாத்திரம் அதன் உட்கருவில் தோன்றி, ஓய்வு கொண்டதும் மறைந்துவிடும் கே.ஐ.-67 என்னும் புரதத்துக்கு, வெட்டியெடுத்த கட்டியின் மெல்லிய சீவலில் பழுப்பு நிறம் ஏற்றி, நூற்றுக்கு எத்தனை உட்கரு பழுப்பேறியிருக்கிறது என்று நுண்நோக்காடியில் பொறுமையாக எண்ணுகிறார்கள். எண்ணிக்கை அதிகமானால் வியாதிக்கு அவசரமும் அதிகம் என்று பொருள். பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்னும் புரதம் கட்டியில் தென்பட்டால் சற்று ஆறுதல். ஆனால் ஸ்திரீகளின் மார்பகப் புற்றில் பிரதான சாட்சியான ஹெர்2 என்னும் புரதத்தின் விஷயத்தில், நாயைப் பொறுத்தவரை, பண்டிதர்களுக்குள் ஏகோபித்த அபிப்பிராயம் இல்லை.

கேள்வி: இத்தனை சிரமம் எதற்கு? வராமலே தடுக்கக் கூடாதா?

பதில்: தடுக்கலாம், நாய் வயதுக்கு வருமுன் நீங்கள் விழித்துக்கொண்டால்! முதற் பருவத்துக்கு முன்பே கருத்தடைச் சிகிச்சை செய்த நாய்களுக்கு, செய்யாதவற்றோடு ஒப்பிட, அபாயம் 0.5 சதவீதந்தான் என்றும், ஒரு பருவம் கழிந்தால் 8, இரண்டு கழிந்தால் 26 என்றும் 1969-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. அதன் ஆதாரம் போதாது என்று பிற்பாடு ஆட்சேபித்தவர்களும் உண்டு. நாய்க்குப் பெரும்பாலும் பத்து காம்புகள்; மாதமொரு முறை அத்தனையையும் தடவிப் பாருங்கள், பட்டாணியளவு தட்டுப்பட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.