சித்தி பையனுக்கும் சீட்டு கிடையாது

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கு யாராவது வந்தால் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போவோம். பெருமாளைச் சேவிக்காவிட்டாலும் போகிறது. சுவரைச் சேவிக்காமல் அனுப்ப மாட்டோம். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் அதில் வெட்டியிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் இதை எழுதி மார்க் வாங்கியவர்களுக்கு அது ஜனநாயக சாசனம். எனக்கு அது ஊர் வம்பு. எவனோ செய்த திருட்டுத்தனத்தைப் பெயர் போடாமல் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

919-இல் ஒரு விதி போட்டார்கள். வாரியத்துக்கு, அதாவது ஊர்க் காரியம் பார்க்கும் குழுவுக்கு, வர வயது 30 முதல் 60. இரண்டே வருஷம், 921-இல் அதையே 35 முதல் 70 என்று மாற்றினார்கள். நடுவில் என்ன நடந்தது என்று சுவர் சொல்லாது. நான் சொல்கிறேன். 31 வயதுப் பிள்ளையாண்டான் ஒருவன் ஏரி வாரியத்தில் புகுந்து, மதகைத் தன் வயல் பக்கம் திறந்துவிட்டிருப்பான். 61 வயதுப் பெரியவர் ஒருவர், "மூக்கு துடைக்கத் தெரியாதவனெல்லாம் வாரியம், நான் மட்டும் வெத்தலை இடிச்சிண்டு உட்காரணுமாக்கும்!" என்று திண்ணையிலிருந்து தெருவுக்கே கேட்கக் கத்தியிருப்பார்.

வரி கட்டும் நிலம் கால் வேலி, சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. இத்தனையும் வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதானா? ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் சொல்லிக்காட்டிச் சமாளிக்கலாம். ஊர் வேதம் படித்த பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம் அல்லவா! பெண்கள், ஏர் பிடித்தவர்கள் பெயரெல்லாம் குடத்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை. மேடையில் ஜனநாயகம் என்று முழங்குகிறவர்கள் இந்த இடம் வந்ததும் சோடா கேட்பார்கள்.

யார் வரக்கூடாது என்ற பட்டியல்தான் ருசி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. நியாயம். அவனோடு சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், தாய்மாமன், மாமனார், மச்சினன், அக்காள் புருஷன், மருமகன், அப்பன், பிள்ளை, ஒருத்தனும் கூடாது! கல்யாணப் பத்திரிகை வைக்கிறவன்கூட இத்தனை பேரை நினைவில் வைக்க மாட்டான். அந்த வீட்டுத் திவசத்துக்கு மாப்பிள்ளை வந்திருப்பான் என்றா நினைக்கிறீர்கள்? "உங்கப்பா ஏப்பம் விட்ட காசுக்கு என் ஓலை போச்சு" என்று அவன் பெண்டாட்டியைப் பிடுங்கி எடுத்திருப்பான்.

கள்ள ஓலை எழுதியவனும் கழுதை ஏறியவனும் கூடாது என்று வேறு இருக்கிறது. கழுதை ஏறுவது சவாரி இல்லை, தண்டனை. அப்படி ஊர் பார்க்க பவனி போனவன், மறுவருஷமே விபூதி பூசிக்கொண்டு சபையில் வந்து நின்றிருக்கிறான். இல்லாவிட்டால் இப்படியொரு விதி எதற்கு?

குலுக்கல் நாளன்று யாரும் யாரையும் நம்பவில்லை. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஓலைக்கட்டு. பெரியவர் ஒருவர் குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவார். விவரம் தெரியாத சின்னப் பையன்தான் ஓலை எடுக்க வேண்டும். விவரம் தெரிந்தவன் எடுத்தால் என்ன ஆகும் என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது. அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். ஏன் என்று சீட்டாடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவன் படித்ததும் கூடியிருக்கும் கோயில் பூசாரிகளான நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையை வாங்கி மறுபடி படிப்பார்கள். பதவிக்காலம் 360 நாள். மறுபடி வர மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்திலிருந்து பஸ் இருக்கிறது. அவசியம் வாருங்கள். ஊர்க் கணக்கு பாக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் சித்தி பையனைக் கூட்டிவர வேண்டாம்.