மூத்திரத்தில் போகும் இனிப்பு

சீனித்துளசி இரத்தினபுரியிலும் கேகாலையிலும் விளையுமா என்று விவசாயத் திணைக்களத்தைப் போய்க் கேட்க வேண்டாம். எங்கள் தேயிலைத் தோட்டங்களில் தேர்தலுக்குத் தேர்தல் அதைத்தான் நடுகிறார்கள்.

பராகுவே நாட்டுக் குவரானி மக்கள் கசப்புப் பானத்தில் இட்டுக் குடித்த இலை அது. 1931இல் பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் அதன் இனிப்பைப் பிரித்தெடுத்தார்கள், பெயர் ஸ்டீவியோசைட். ஸ்டீவியோல் என்ற கருவின் மேல் குளுக்கோஸ் துண்டுகள் ஒட்டியிருக்கும். நாக்குக்குச் சீனியைவிட 200, 300 மடங்கு இனிக்கும். சிறுகுடலோ அதை உடைக்கத் தெரியாமல் தள்ளிவிடும். பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் குளுக்கோஸைக் கழற்றித் தாங்களே தின்னும். மிஞ்சிய ஸ்டீவியோல் ஈரல் வழியாக மூத்திரத்தில் போய்விடும். இரத்தத்தில் சீனி ஏறாது. சீனி வருத்தக்காரருக்கு நல்ல சரக்குதான், பல்லும் சொத்தையாகாது.

இப்போது எங்கள் நாட்சம்பளத்துக்கு வாருங்கள். ஆயிரம் ரூபாய், ஆயிரம் ரூபாய் என்று மேடைக்கு மேடை இனித்தது. கைக்கு வந்தது 2021இல். அடுத்த வருஷமே ரூபாய் விழுந்தது, கோதுமை மா எட்டாத உயரத்துக்குப் போனது. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி ரணில் 1,700 என்றார். வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. செப்டம்பரில் வந்து சேர்ந்தது 1,350. மிச்சம் 350ஐத் தின்ற பாக்டீரியா எது?

தனி வீடு என்ற இனிப்பைச் சப்பிக்கொண்டிருந்தபோதே, 2016 மே மாத மழையில், புளத்கொஹுபிட்டியத் தோட்டமொன்றில் தொழிலாளர் வரிசை வீடான லயம் மண்ணுக்குள் போனது.

சீனித்துளசிக்காவது அளவு உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு, நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியோலுக்கு மேல் வேண்டாம் என்று சர்வதேச நிபுணர் குழு 2008இல் வரையறுத்தது. வாக்குறுதிக்கு அளவு போட எந்தக் குழு கூடியது? ஐயாமாரே, சாயத்தண்ணியில் சீனியைக் குறையுங்கள் என்று எங்களுக்குப் புத்தி சொல்கிறீர்கள். விடிகாலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடுகிறவளுக்கு ரொட்டியும் அந்த இரண்டு கரண்டிச் சீனியும்தான் மலையேறத் தெம்பு. அட்டைக்கு இரத்தம் கொடுப்பதும் அதிலிருந்துதான். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

இத்தனைக்கும் நடுவில் ஒழுங்காகச் சேர்கிற ஒரே சத்து தொழிற்சங்கச் சந்தா. அது எங்கள் நாக்கில் படுவதே இல்லை, சம்பளச் சீட்டிலேயே வெட்டுப்பட்டுப் போகிறது. நாங்கள் அரைப்பேர் வாங்கிய மாதத்திலும் அதற்கு முழுப்பேர்.