பொன்னாடை வாங்கியாச்சா, பேராண்டிகளா?

வாங்கப்பா, திண்ணையில உக்காருங்க. காலேஜ்ல புரோகிராமிங் போட்டி வைக்கிறீங்களாமே! பஸ் ஸ்டாண்டுல ஃபிளெக்ஸ் பாத்தேன். தாளாளர், முதல்வர், துறைத்தலைவர் எல்லாரும் சிரிச்ச முகமா நிக்கிறாக. கேள்வி எழுதுன வாத்தியாரத்தான் காணோம். என்னது, இன்னும் கேள்வியே எழுதலையா? அட, அதுக்கென்ன அவசரம்! பொன்னாடை வாங்கியாச்சு, குத்துவிளக்குக்குத் திரி போட்டாச்சுன்னா பாதிப் போட்டி முடிஞ்ச கணக்குத்தான்.

மீதிப் பாதிக்கு நான் சொல்றபடி செய்யுங்க. ஒன்பது மணிக்குப் போட்டின்னு போட்டுட்டு, பன்னெண்டு மணி வரைக்கும் மேடையில பேசுங்க. வேடசந்தூர், நத்தம்னு விடியக்காலமே பஸ் ஏறி வந்த பயலுக கேட்டுக்கிட்டுக் கெடக்கட்டும். தேதியத் தைப்பூசத்த ஒட்டி வைங்க. பழனிக்கு நடக்குற கூட்டத்துல பஸ் ஊந்து வரும், பாதி டீம் வந்து சேராது, பிரியாணிச் செலவு மிச்சம். ஈ.பி.க்காரங்க மாசாந்திரப் பராமரிப்புன்னு கரண்ட நிறுத்துற நாளா அமைஞ்சா இன்னும் விசேஷம். சீரகச் சம்பா பிரியாணியப் போட்டிக்கு நடுவுல போட்டுருங்க. அதுக்கப்புறம் எந்தப் பயலும் சந்தேகம் கேட்டு எந்திரிக்கமாட்டான்.

எம் பேரன் ஒருத்தன் இருக்கான், விவரங்கெட்டவன். கொல்லம் பக்கம் அமிர்தபுரியில ஐ.சி.பி.சி.ங்குற காலேஜ் புரோகிராமிங் போட்டிக்குப் போய்ட்டு வந்து ஒரே பேச்சு. 1970ல அமெரிக்காவுல டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல மொளைச்சதாம். 1977ல இருந்து இறுதிச் சுற்று வைக்கிறாகளாம். ஆசிய வட்டாரச் சுற்று நம்ம சென்னையிலயும் நடந்திருக்கு. மூணு பேரு ஒரு டீம், அஞ்சு மணி நேரம், மூணு பேருக்கும் சேத்து ஒரே கம்ப்யூட்டர். நீங்கதான் தாராள மனசுக்காரங்களாச்சே, ஆளுக்கு ஒண்ணு குடுக்கப் போறீங்களாம்! ஏண்டா, ஒருத்தன் தட்டுறப்ப மத்த ரெண்டு பேரும் பேப்பர்ல மண்டைய ஒடைக்கணும், எந்தக் கேள்விய மொதல்ல எடுக்குறது, கீபோர்ட யாருக்கு விடுறதுன்னு தங்களுக்குள்ள பேசி முடிக்கணும். அதுக்குத்தானே டீமு? ஆளுக்கொண்ணு குடுத்தா அது லேப் பரீட்சை.

கேள்வி விஷயத்துக்கு வருவோம். நான் நாப்பது வருஷம் பூட்டுப் பட்டறையில கெடந்தவன். பூட்டுக்குள்ள சாவி போனதும் தொறந்துச்சுன்னு யாரும் சந்தோசப்படமாட்டான். பக்கத்துப் பூட்டோட சாவியையும் போட்டுப் பாப்பான். அதுக்கும் தொறந்தா அது பூட்டே இல்ல. நீங்க எழுதப்போற விடை உங்க கேள்விக்குச் சரியா வந்துட்டா கைதட்டிக்குவீங்களே, தப்பான விடைய அனுப்பிப் பாப்பீங்களா?

ஒரு கேள்விய வச்சுப் பாப்போம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல 2 லட்சம் மூட்டை கெடக்கு. எந்த ரெண்டு மூட்டையச் சேத்தா சரியா 100 கிலோ வரும்? ஒவ்வொரு மூட்டையையும் மத்த எல்லாத்தோடயும் ஜோடி சேத்தா 2000 கோடி ஜோடி. எடைவாரியா அடுக்கி, ரெண்டு கடைசியில இருந்தும் உள்ள நெருங்கி வந்தா கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சுரும். நீங்க சோதிக்கிறதுக்குப் பத்து மூட்டைதான் போட்டு வச்சிருந்தா, ஜோடி சேத்தவனும் பாஸு, யோசிச்சவனும் பாஸு. அப்புறம் எதுக்குப் போட்டி?

இதவிட மோசம், உங்க விடையே தப்பா இருக்குறது. சரியா எழுதுன பயலுக்கு ‘தப்பு’ன்னு வரும். அவன் சரியா இருக்குறதப் போட்டு நோண்டி நோண்டியே ஒரு மணி நேரத்தத் தொலைப்பான். தீத்த கேள்விக்கு, முன்னால அனுப்புன ஒவ்வொரு தப்புக்கும் 20 நிமிஷம் தண்டனை வேற. உங்க தப்புக்கு அவன் வட்டி கட்டணுமா?

கேள்வி எழுதுன வாத்தியாரோட வகுப்புப் பயலுகளே மொதப் பரிசு வாங்குற அதிசயத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஊருல நாலு பேரு சொல்லுவாய்ங்க.

மத்ததெல்லாம் லேசு. விடை திருத்த டோம்ஜட்ஜ்னு மென்பொருள் சும்மாவே கெடைக்குது. முந்தின நாளே எல்லா மெஷின்லயும் ஓட்டிப் பாத்துருங்க. கேள்வி தீந்ததும் கலர் பலூன் கட்டுங்க, கடைசி ஒரு மணி நேரம் புள்ளிப் பலகைய மாத்தாம நிறுத்தி வைங்க. பயலுக நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், பாக்க நல்லா இருக்கும்.

நன்கொடை ரசீதா? உள்ள வைங்க. பத்துக் கேள்வி வேணாம், ஆறு போதும். கேள்விய எழுதாத ஒருத்தரு தனியா உக்காந்து ஆறையும் தீத்துப் பாக்கட்டும். தீந்துச்சுன்னு அவரு வந்து சொன்னதுக்கப்புறம் ரசீது போடுங்க, பிரியாணிக்கு அரிசி நான் வாங்கித் தர்றேன்.